கண்ணை மூடிக் கையைத் தூக்குகிறார்

"ஐ ஆம் ஹேவிங் டூ சில்ட்ரன்" என்று எழுந்து நின்று சொன்னார் டெய்லர்.

மேடம் சாக்பீஸைக் கீழே வைத்தாள். "ரெண்டு பிள்ளையும் இந்த நிமிஷம்தான் பொறந்துக்கிட்டிருக்கா?"

"ஐயோ, பெரியவன் காலேஜ் போறான் மேடம்."

"போறானா, போய்க்கிட்டிருக்கானா?"

"போறேன்னு சொல்லிட்டுத்தான் கிளம்புறான். எங்க போய்க்கிட்டிருக்கான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

வகுப்பு சிரித்தது. செருப்புக் கடைக்கு மேலே இருந்த அந்த ஒற்றை அறையில் சிரிப்பு சுவரில் மோதித் திரும்பி வந்தது. மாலை வகுப்புக்கு வருகிறவர்கள் எல்லோரும் பகலில் உழைத்துவிட்டு வருகிறவர்கள். சிரிக்க வைக்காவிட்டால் தூங்கிவிடுவார்கள். அவளும் அதைத் தெரிந்து வைத்திருந்தாள். ஆறு வருஷமாக இதே பலகையில் இதே 'ஆம், இஸ், ஆர்' எழுதி, பின்னால் 'இங்' ஒட்டி, ஒட்டி, அவளுக்கே 'இங் மேடம்' என்று பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது.

நடந்துகொண்டிருக்கிற காரியத்தைச் சொல்ல அவளிடம் ஒரு தனி வழி இருந்தது. புத்தகத்தில் பையன் பந்து விளையாடிக்கொண்டிருப்பான், பெண் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பாள். அதை மனப்பாடம் செய்தால் பரீட்சைக்கு ஆகும், வாய்க்கு ஆகாது என்பது அவள் கட்சி. அதனால் பகலில் திடீரென்று போன் செய்வாள். எந்த நேரம், யாருக்கு என்று கிடையாது. "வாட் ஆர் யூ டூயிங்?" என்பாள். போனை எடுத்தவர் தன் கையைப் பார்க்க வேண்டும், எதிரே பார்க்க வேண்டும், பார்த்ததை அப்படியே சொல்ல வேண்டும். சோறு தின்றால் சோறு, சொறிந்தால் சொறிதல். பொய் கூடாது. போனை எடுக்காதவர் அன்று மாலை வகுப்பின் முன்னால் நின்று தனியாகப் பேச வேண்டும். அதற்குப் பயந்து குளியலறையில் இருந்தாலும் எடுத்துவிடுவார்கள். லிஃப்ட் மெக்கானிக் ஒருமுறை "ஐ ஆம் ஹேங்கிங், மேடம்" என்றான். கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே சொன்னான் என்பது தெரிந்ததும் அவள்தான் கெஞ்சி போனை வைக்கச் சொன்னாள்.

வகுப்பிலேயே மெதுவாகப் படிக்கிறவள் கிளினிக் பெண். முப்பத்தைந்து வயசு இருக்கும். முதல் நாள் "ஐ ஆம் வொர்க்கிங் இன் எ கிளினிக்" என்றாள். "எப்பவும் செய்யற வேலைன்னா ஐ வொர்க்" என்று மேடம் திருத்தினாள். எந்தக் கிளினிக், என்ன வேலை என்று கேட்கவில்லை. வாக்கியம் சரியாக வந்துவிட்டது, அது போதும் என்று அடுத்த ஆளுக்குப் போய்விட்டாள்.

அந்தப் பெண்ணுக்குத்தான் புதன்கிழமை மதியம் போன் போட்டாள்.

"வாட் ஆர் யூ டூயிங்?"

கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது. "ஐ ஆம்... சிட்டிங். இன் எ சேர்."

"குட். அப்புறம்?"

"ஐ ஆம் லுக்கிங் அட் எ மேன்."

"குட். அந்த மேன் என்ன பண்றாரு?"

"ஹி இஸ் குளோசிங் ஹிஸ் ஐஸ்." மறுபடி மூச்சு. "ஹி இஸ் ரைசிங் ஹிஸ் ஹேண்ட்."

கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார், கையைத் தூக்கிக்கொண்டிருக்கிறார். அடேயப்பா, எவ்வளவு சுத்தமாகச் சொல்கிறாள் என்று மேடம் பூரித்துப் போனாள். "வெரி குட்" என்று சொல்ல வாயைத் திறந்தாள். அப்போதுதான் போனுக்குள் ஒரு அழைப்பு மணி அடித்தது.

சிட்டுக்குருவி மாதிரிக் கீச் கீச்சென்று ஆரம்பித்து, நடுவில் யாரோ அதன் கழுத்தைப் பிடித்த மாதிரி முனகி அடங்குகிற மணி.

மேடம் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். அந்த மணி அவள் வீட்டு மணி. நடைபாதைக் கடையில் அவள் வீட்டுக்காரர் வாங்கி வந்து மாட்டியது. பேட்டரி தீர்ந்துகொண்டே வருகிறது, மாற்றுங்கள் என்று அவள் எத்தனையோ தடவை சொல்லியும் மாற்றாதது. குருவி சாகிற மாதிரி அடிக்கும் மணி உலகத்தில் இன்னொன்று இருக்க முடியாது.

"சம்படி இஸ் ரிங்கிங் தி பெல், மேடம். ஐ ஆம் கோயிங்" என்று சொல்லி கிளினிக் பெண் போனை வைத்துவிட்டாள். அந்த வாக்கியத்திலும் ஒரு பிழை இல்லை.

மேடம் உடனே வீட்டுக்காரருக்குப் போன் போட்டாள். அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டாள். எடுக்கவில்லை. சற்று நேரத்தில் செய்தி வந்தது: 'என்ன?'

'எங்க இருக்கீங்க?'

'ஷெட்ல. வண்டி சர்வீஸ்.'

அவர் ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர். காலையில் பிள்ளைகளைக் கொண்டுபோய் விட்டால் மதியத்துக்கு மேல்தான் மறுபடி எடுக்கப் போக வேண்டும். நடுவில் வீட்டில்தான் இருப்பார். ஷெட்டுக்குப் போனால் முந்தின நாளே சொல்லிவிடுவார், திரும்பி வந்து கிரீஸ் கையோடு சோப்பைக் கேட்பார். இந்த முறை ஒன்றும் சொல்லவில்லை.

"என்ன மேடம், மூஞ்சி வெளிறிப் போச்சு?" என்றாள், பகலில் அதே அறையில் அட்மிஷன் பார்க்க மேடத்தோடு உட்காருகிற ரிசப்ஷன் அக்கா. அடுத்தவர் முகத்தைப் படிப்பதில் அக்காவுக்கு ஈடு கிடையாது. ஒரு வாய் டீக்குள் விஷயத்தைக் கறந்துவிடுவாள்.

மேடம் மணி விஷயத்தைச் சொல்லவில்லை. சுற்றி வளைத்தாள். "அக்கா, ஆம்பளைங்க திடீர்னு ஒரு மாதிரி மாறுவாங்களா?"

"எந்த மாதிரி?"

"முன்னல்லாம் பேசிக்கிட்டே இருப்பாரு. இப்ப போன்ல பேசறதே இல்ல, மெசேஜ் போடுங்கறாரு. சமையலறையிலேருந்து கூப்பிட்டா பதில் வராது. ஆனா எதிர்ல நின்னு பேசினா என் மூஞ்சியையே பாக்கறாரு. கண்ணு எடுக்காம. கல்யாணமான புதுசுலகூட அப்படிப் பாத்ததில்ல."

அக்கா டம்ளரை வைத்தாள். "இருபது வருஷம் கழிச்சு ஒருத்தன் பொண்டாட்டி மூஞ்சியை உத்துப் பாக்கறான்னா ரெண்டுல ஒண்ணு. ஒண்ணு, அவனுக்குக் கண்ணாடி போடணும். இல்ல, எங்கயோ கணக்கு இடிக்குது, இவளுக்குத் தெரிஞ்சிருக்குமோன்னு வேவு பாக்கறான்."

"அவர் கண்ணு நல்லாத்தான் இருக்கு."

"அப்பன்னா ரெண்டாவதுதான்" என்று சொல்லிவிட்டு அக்கா டம்ளரைக் கழுவப் போனாள். நெருப்பை வைத்துவிட்டுப் போகிறவளுக்குப் புகையைப் பற்றிக் கவலை எதற்கு?

அன்று மாலை வகுப்பில் 'வாஸ் இங்' எடுப்பதாகவே திட்டம் இல்லை. எடுத்தாள்.

"நேத்து இந்த நேரம் என்ன பண்ணிக்கிட்டிருந்தோம், இன்னிக்கு மத்தியானம் என்ன பண்ணிக்கிட்டிருந்தோம், அதைச் சொல்லணும். ஆமுக்குப் பதிலா வாஸ்." பலகையில் எழுதினாள். சாக்பீஸ் இரண்டாக உடைந்தது. டெய்லரையும் மெக்கானிக்கையும் ஒப்புக்குக் கேட்டுவிட்டு, கிளினிக் பெண்ணிடம் வந்து நின்றாள்.

"வாட் வேர் யூ டூயிங் டுடே ஆஃப்டர்நூன்?"

"ஐ வாஸ் சிட்டிங், மேடம்."

"வேர்?"

"இன் எ ஹவுஸ்."

"ஹூஸ் ஹவுஸ்?"

கிளினிக் பெண் மேலே பார்த்து வார்த்தை தேடினாள். முகம் மலர்ந்தது. "எ குட் மேன்ஸ் ஹவுஸ்."

மெக்கானிக் மெல்ல விசிலடித்தான். டெய்லர் அவன் தொடையில் தட்டினார். மேடம் குரலை அசையாமல் பிடித்துக்கொண்டாள்.

"வாட் வாஸ் தி குட் மேன் டூயிங்?"

"ஹி வாஸ் லிசனிங் டு மீ." சொல்லிவிட்டுத் தலையைச் சாய்த்து யோசித்தாள். "நோ, மேடம். ஹி வாஸ் லுக்கிங் அட் மீ."

பார்த்துக்கொண்டிருந்தாராம். மேடம் பலகைப் பக்கம் திரும்பி, எதையோ அழிப்பதுபோல வெறும் இடத்தை அழித்தாள். பிறகு இன்னும் ஒரு மாதம் கழித்து வர வேண்டிய பாடத்தை அப்போதே எடுத்தாள்.

"நாளைக்கு ஒரு நேரத்துல ஒரு காரியம் நடந்துக்கிட்டிருக்கும்னா வில் பி. நாளைக்கு இதே மத்தியானம்?"

"ஐ வில் பி சிட்டிங் இன் தி சேம் சேர்" என்றாள் கிளினிக் பெண். வகுப்பில் முதல் தடவையாகத் தடுமாறாமல் ஒரு முழு வாக்கியத்தைச் சொல்லிவிட்ட சந்தோஷத்தில் அவள் சுற்றிலும் பார்த்துச் சிரித்தாள். டெய்லர் கைதட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் மேடம் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கண்ணால் துழாவினாள். சமையல் மேடையில் இரண்டு டம்ளர்கள் கழுவிக் கவிழ்க்கப்பட்டிருந்தன. அவர் வாழ்க்கையில் டம்ளர் கழுவியவர் இல்லை; குடித்த இடத்திலேயே வைத்துவிட்டு, டம்ளருக்குக் கால் முளைத்து நடந்து போகும் என்று நம்புகிறவர். கூடத்தில் ஒரு நாற்காலி டிவியைப் பார்க்காமல் கண்ணாடி அலமாரியைப் பார்த்துத் திரும்பியிருந்தது. அதற்குப் பின்னால், நாலடி தள்ளி, இன்னொரு நாற்காலி.

என்ன வகையான ஆட்டம் இது? ஒருத்தர் முதுகைக் காட்டி உட்கார்ந்து, கண்ணை மூடி, கையைத் தூக்கி... எப்படிப் புரட்டிப் பார்த்தாலும் புத்திக்கு எட்டவில்லை. எட்டாததால் இன்னும் எரிந்தது.

சாப்பாடு போட்டாள். எதிரே உட்கார்ந்தாள்.

"வண்டி சர்வீஸ் முடிஞ்சுதா?"

அவர் அவள் வாயைப் பார்த்தார். தலையாட்டினார்.

"ஷெட்ல ரொம்ப நேரமா?"

தலையாட்டல்.

அவள் எழுந்து முதுகைக் காட்டிக்கொண்டு அடுப்பைத் துடைத்தபடி, சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டாள்: "வீட்டுக்கு யாராச்சும் வந்தாங்களா?"

பதிலே இல்லை. திரும்பிப் பார்த்தாள். அவர் நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவ்வளவு கெட்டிக்காரத்தனம். வாயைத் திறந்தால்தானே மாட்டுவோம் என்று கல்லுப்பிள்ளையார் மாதிரி இருக்கிறார்.

மறுநாள் மதியம், தலைவலி என்று அக்காவிடம் சொன்னாள். "போங்க, போங்க. தலைவலி வீட்லதான் இருக்கு" என்றாள் அக்கா.

மாடிப்படி ஏறும்போது தன் கால் சத்தம் தனக்கே கேட்காமல் ஏறினாள். பெல் அடிக்கவில்லை. தன் சாவியைப் போட்டுத் திருகினாள். பூட்டு எப்போதும்போல 'டக்'கென்று நன்றாகவே சத்தம் போட்டது. போச்சு, உஷாராகிவிடுவார்கள் என்று கதவை ஒரே தள்ளாகத் தள்ளிக்கொண்டு உள்ளே நின்றாள்.

யாரும் உஷாராகவில்லை.

அவர் கண்ணாடி அலமாரியைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். காதில் கறுப்பாக, கிண்ணம் மாதிரி பெரிய இயர்போன். பின்னால் கிளினிக் பெண், பூட்டுச் சத்தம்கூட மண்டையில் ஏறாமல் தன் வேலையிலேயே மூழ்கி. அவள் மடியில் சின்னப் பெட்டி மாதிரி ஒரு மெஷின், கையில் பேனா. பேனாவின் முனையை மெல்லத் தாழ்த்தினாள். அவர் கையைத் தூக்கினார். பேனா நிமிர்ந்தது, கை இறங்கியது. மறுபடி தாழ்ந்தது, மறுபடி தூக்கினார்.

இயர்போன் வயரின் முனை மெஷினில் சொருகப்படாமல் தரையில் கிடந்தது.

மேடம் அதைப் பார்த்தாள். அலமாரிக் கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தாள். மூடியிருந்ததாகச் சொன்ன கண் மூடவில்லை. பால் குடிக்கிற பூனை மாதிரி அரைக்கண்ணாக, கண்ணாடியில் தெரிந்த பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தது.

"ஏங்க" என்றாள்.

கிளினிக் பெண் துள்ளித் திரும்பினாள். "மேடம்?" கையிலிருந்த பேனா நழுவிக் கீழே விழுந்தது.

அவர் கையைத் தூக்கினார்.

"ஏங்க" என்று மறுபடி கூப்பிட்டாள், இன்னும் உரக்க. தூக்கிய கை அப்படியே இருந்தது. அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு நின்றபோது அவள் நெஞ்சில் ஒவ்வொன்றாக விழுந்தது. சமையலறையிலிருந்து கூப்பிட்டது. எடுக்காத போன். மாற்றாத பேட்டரி. வாயையே பார்த்த கண்.

அவள் முன்னால் போய் நின்றாள். அவர் இயர்போனைக் கழற்றினார். திருட்டு முழி என்று ஒன்று உண்டே, அது இல்லை அவர் முகத்தில். மாட்டிக்கொண்ட களைப்புதான் இருந்தது.

"எவ்வளவு நாளா?" என்றாள்.

"போன மழைக்கு முன்னாடியிலேருந்து. இடது சுத்தமா போச்சு. வலது கொஞ்சம்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா வண்டி ஓட்ட விடுவியா?"

அவள் கிளினிக் பெண் பக்கம் திரும்பினாள். அந்தப் பெண் சுவரோரம் ஒண்டிக்கொண்டு, அவரையும் மேடத்தையும், அலமாரிமேல் இருந்த கல்யாணப் போட்டோவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அந்தப் போட்டோல இருக்கறது நீங்களா மேடம்? சத்தியமா தெரியாது. ரொம்ப ஒல்லியா இருக்கீங்களே அதுல."

"இப்ப அது ரொம்ப முக்கியம். இங்க என்ன நடக்குது?"

கிளினிக் பெண் சொன்னாள். அவள் வேலை செய்வது காது பார்க்கிற கிளினிக்கில். ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர்களுக்கு வருஷாவருஷம் நடக்கிற காதுச் சோதனை அங்கேதான். மெஷினில் சத்தம் வைத்து, கேட்டால் கையைத் தூக்கச் சொல்கிற வேலை அவளுடையது. டாக்டர் பக்கத்தில் நிற்பார் என்பதால் வாயால் எதுவும் சொல்ல முடியாது. ஆனால் அந்த அறையிலும் ஒரு கண்ணாடி ஜன்னல் உண்டு. சோதனை நாளைக்கு.

"உனக்கு ஏன் இந்த வேலை?"

"என் பொண்ணு இவர் வண்டியிலதான் போறா மேடம். அங்கிளுக்குக் கூப்பிட்டா கேக்க மாட்டேங்குதும்மான்னு அவதான் சொன்னா."

"தெரிஞ்சுமா இதுக்கு உடந்தையா இருக்க?"

"மத்த வேன்காரங்க தெருமுனையிலயே இறக்கி விட்டுட்டுப் பறந்துருவாங்க. இவர் மட்டும்தான் நான் கதவைத் திறக்கற வரைக்கும் நின்னு பாத்துட்டுப் போவாரு. இவரை எடுத்துட்டு வேற எவனையாச்சும் போட்டா?" அவள் குரல் இறங்கியது. "தப்புன்னு தெரியும் மேடம். பயந்துக்கிட்டேதான் வந்தேன்."

"அப்ப போன்ல மட்டும் ஏன் எல்லாத்தையும் ஒப்பிச்ச? வேற ஏதாவது சொல்லியிருக்கலாம்ல?"

"பொய் சொல்ல நிறைய வார்த்தை வேணும் மேடம். எனக்கு எதிர்ல இருக்கறதைச் சொல்லத்தானே நீங்க கத்துக் குடுத்திருக்கீங்க."

மேடம் நாற்காலியில் உட்கார்ந்தாள். நேற்று ராத்திரியெல்லாம் இன்னொருத்தியை நினைத்து எரிந்ததற்கு இது தேவலை என்று ஒரு கணம் தோன்றியது. அடுத்த கணமே அந்த ஆறுதல் போய்விட்டது. புருஷன் பத்திரமாகத்தான் இருந்தான். அவன் வண்டியில் ஏறுகிற பிள்ளைகள்?

"வண்டி எடுக்கற நேரமாச்சு" என்று எழுந்தார் அவர். "எனக்குக் கண்ணு இருக்கு. ரெண்டு பக்கமும் கண்ணாடி இருக்கு. ஒரு சின்னக் கீறல்கூட விழுந்ததில்ல. வேணும்னா நீயே வந்து பாரு."

"வர்றேன்" என்றாள்.

அவர் அதை எதிர்பார்க்கவில்லை. வாயைச் சரியாகப் படித்தோமா என்று மறுபடி பார்த்தார்.

வேனில் கடைசி வரிசையில், புத்தகப் பைகளுக்கு நடுவில் முழங்காலை மடக்கி உட்கார்ந்தாள். ஸ்கூல் வாசலில் பிள்ளைகள் ஏறினார்கள். அவர் ஒவ்வொரு பிள்ளையும் உட்காரும் வரை திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். கதவை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார். வளைவில் வேகத்தைக் குறைத்தார். குறை சொல்ல ஒன்றும் இல்லை. அவள் சந்தேகம் கொஞ்சம் தளர்ந்தது. தளர்ந்ததையே சந்தேகித்தாள்; குற்றம் கண்டுபிடிக்க வந்தவளுக்குக் குற்றம் இல்லாமல் இருந்தால் போதும் என்றிருந்தது.

"அங்கிள், என் பாட்டில் உருண்டு போச்சு" என்று ஒரு குரல். வண்டி போய்க்கொண்டே இருந்தது. டிரைவருக்கு நேர் பின்னால் உட்கார்ந்திருந்த சிறுமி, சாவகாசமாக எழுந்து அவர் வலது தோளை இரண்டு தட்டுத் தட்டினாள். அவர் கண்ணாடியில் பார்த்து, ஓரங்கட்டி, நிறுத்தினார்.

"தட்டினாத்தான் நிப்பாட்டுவாரா?" என்று பக்கத்திலிருந்த பையனிடம் கேட்டாள்.

"ஆமா ஆன்ட்டி. அந்த சீட்ல உக்கார்றவங்கதான் தட்டணும். வாரம் ஒருத்தர். எனக்கு அடுத்த வாரம்" என்றான் அவன், கிளாஸ் லீடர் ஆகப் போகிறவன் மாதிரி.

எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அவளைத் தவிர எல்லோருக்கும்.

பாலத்தடியில் நெரிசல். பின்னால் எங்கிருந்தோ சைரன் கேட்டது. முதலில் மெலிசாக, பிறகு நெருங்கி, பிறகு வேனுக்கு நேர் பின்னால் நின்று அலறியது. பிள்ளைகள் காதைப் பொத்தினார்கள். மற்ற வண்டிகள் இடப்பக்கம் ஒதுங்கின. வேன் ஒதுங்கவில்லை. அவர் கண் முன்னால் பிரேக் போட்ட பைக்கின் மேல் இருந்தது. பக்கத்துக் கண்ணாடியைப் பார்க்க அவருக்கு நேரம் வரவில்லை. சைரன் அலறிக்கொண்டே இருந்தது.

"ஏங்க" என்று கத்தினாள். தனக்கே சிரிப்பும் அழுகையுமாக வந்தது. பைகளைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். அதற்குள் முன்னால் இருந்த சிறுமி எட்டித் தோளைத் தட்டினாள். அவர் கண்ணாடியைப் பார்த்தார். வண்டியை வெட்டி ஒதுக்கினார். ஆம்புலன்ஸ் உரசுகிற மாதிரிக் கடந்தது. முன் சீட்டில் இருந்த ஆள் ஜன்னலில் பாதி உடம்பை வெளியே போட்டுக் கையை ஆட்டி ஏசிக்கொண்டே போனான். அவன் என்ன சொன்னான் என்பது பிள்ளைகள் உட்பட எல்லோருக்கும் கேட்டது.

அவர் மட்டும் அந்த வாயைப் பார்த்தார். படித்துவிட்டார் என்று முகத்தில் தெரிந்தது.

அதற்குப் பிறகு கடைசிப் பிள்ளையை இறக்கும் வரை அவர் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. கிளினிக் பெண் வீட்டு வாசலில், கதவு திறக்கும் வரை எப்போதும்போல நின்றார். கதவு திறந்தும் நின்றார். உள்ளே போன அவள் மகள் மறுபடி எட்டிப் பார்த்துக் கையாட்டினாள்.

மேடம் முன் சீட்டுக்கு வந்து உட்கார்ந்தாள். சொல்ல வேண்டியதைச் சொல்ல வாயெடுத்தாள். அவர் கையால் வேண்டாம் என்றார்.

"வீட்டுக்குப் போகல. ஷெட்டுக்குப் போறேன்."

முதலாளி ஷெட்டில் ஒரு டயருக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து காற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். மேடத்தைப் பார்த்ததும் எழுந்தார். "வாங்கம்மா. என்ன, ஜோடியா?"

"எனக்குக் காது கேக்கல முதலாளி" என்றார் அவர். முன்னுரை, பின்னுரை இல்லை. "நாளைக்கு டெஸ்ட்ல ஏமாத்தப் பாத்தேன். வேணாம்னு வந்துட்டேன்." சாவியை டயர்மேல் வைத்தார்.

முதலாளி சாவியைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், மேடத்தைப் பார்த்தார். பிறகு மறுபடி குனிந்து, அந்தப் பக்கம் திரும்பி, டயரைத் தட்டிக்கொண்டே பேச ஆரம்பித்தார். நேருக்கு நேர் சொல்லத் தெம்பில்லாதவர்கள் அப்படித்தான் பேசுவார்கள். அந்த முதுகிடமிருந்து வீட்டுக்காரருக்கு ஒரு எழுத்துகூட வராது என்பது முதலாளிக்குத் தோன்றவே இல்லை. வீட்டுக்காரர் மேடத்தின் பக்கம் திரும்பினார்.

மேடம் முழுக்கக் கேட்டாள். முதலாளி நிறுத்தியதும், வீட்டுக்காரருக்கு நேராக நின்று, வகுப்பில் பேசுவதுபோல ஒவ்வொரு சொல்லையும் பிரித்துச் சொன்னாள்.

"நல்ல ஆளுன்னு சொல்றாரு. காதுல கருவி மாட்டிக்கிட்டு, நேர்மையா டெஸ்ட்ல பாஸாகணுமாம். ஆனா அப்பவும் பிள்ளைங்க வண்டி குடுக்க முடியாதாம். அம்மா அப்பாங்களுக்கு அவர்தான் பதில் சொல்லணுமாம். தண்ணி கேன் வண்டி ஒண்ணு இருக்கு. பாஸாகிட்டு வந்தா அதை எடுத்துக்கலாமாம்."

அவர் தலையாட்டினார்.

அந்தத் தலையாட்டலைத்தான் அவள் இத்தனை மாதமும் பதில் என்று நம்பிக்கொண்டிருந்தாள். இனிமேல் நம்புவதாக இல்லை.

"தலையை ஆட்டினா ஆச்சா? நான் என்ன சொன்னேன், திருப்பிச் சொல்லுங்க."

முதலாளி நிமிர்ந்து, இது என்ன வம்பு என்பதுபோலப் பார்த்தார்.

"கருவி மாட்டணும்" என்றார் அவர். "டெஸ்ட் பாஸாகணும். தண்ணி கேன் வண்டி."

"நடுவுல ஒண்ணை விட்டுட்டீங்க."

அவர் வேனைப் பார்த்தார். கடைசி ஜன்னலில் யாரோ பிள்ளை ஆவி ஊதி விரலால் வரைந்த முகம் இன்னும் அழியாமல் இருந்தது.

"விடல" என்றார். "அது மட்டும் நல்லாக் கேட்டுச்சு."